முனை சேராத வளையம்

2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 27ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, லண்டன் மாநகரின் தென்கிழக்குக் கோடியிலுள்ள பெட்ஸ் வுட் ரயில் நிலையத்து வாசலில் கூடுவதென்று நாங்கள் நால்வரும் மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடத்தி ஏற்பாடு செய்திருந்தோம். பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் நான் போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்பாகவே, கனடாவிலிருந்து மூன்று நாள் முன்னதாக வந்திறங்கியிருந்த யாழ்ப்பாணத்து அண்ணை, கம்பளிக் குல்லாயும் கைத்தடியுமாக, நிலையத்து வாசலில் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றுகொண்டிருந்தார். "என்ன தம்பி, ஒரு மணித்தியாலமா நிக்கிறன், ஒருத்தரையும் காணேல்லை. நாள் மாறி வந்திட்டனோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றார்.

பிரிட்டனில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதும், அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று பின்னிரவு இரண்டு மணிக்கு அதே ஒரு மணியைத் திருப்பி எடுத்துக்கொள்வதும் வழக்கம். கைத்தொலைபேசிகள் தாமாகவே மாறிவிடும். அண்ணையோ தினந்தோறும் சாவி கொடுக்கவேண்டிய பழைய கைக்கடிகாரம் ஒன்றையே நம்பி நடக்கிறவர். விஷயத்தை நான் எடுத்துச் சொன்னதும், "அப்ப நான் முந்தி வந்திட்டன்" என்று சொல்லி என் இரு கைகளையும் சேர்த்துப் பற்றிக்கொண்டார். ஏழு வருஷங்களுக்குப் பிறகு அந்தக் கைகளை நான் தொடுகிறேன்.

அண்ணை தொண்டைமானாற்றில் பிறந்தவர். லண்டனில் தபால் இலாகாவில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வுபெற்றபின், மகள் குடும்பத்தோடு டொரோண்டோவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அடுத்து வந்து சேர்ந்தவர் மொரீஷியஸ் தீவிலே பிறந்து, இளம்பெண்ணாகத் தாதிப் பயிற்சிக்கு இந்நாட்டுக்கு வந்து, ஆயுளின் பெரும்பகுதியை இங்குள்ள ஆஸ்பத்திரிகளில் கழித்துவிட்டுப் பிறந்த தீவுக்கே திரும்பிப்போன அக்கா. தமிழ்க் குலத்தவரானாலும் தமிழில் சில சொற்களுக்கு மேல் அறியாதவர். நான்காமவர் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியரான ஆங்கிலேயர். எங்கள் பாதையின் கைகாட்டிகள் சாய்ந்திருந்தால் நிமிர்த்துவதையும், முட்புதர் வழியை மறைத்திருந்தால் வெட்டிவிடுவதையும் தம் ஞாயிற்றுக்கிழமைக் கடமையாக ஏற்றுக்கொண்டவர். காரைக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து இந்நகரிலேயே தங்கிவிட்ட நான் ஐந்தாம் பேர்வழி அல்ல, நால்வரில் ஒருவன்தான். ஒரு ஞாயிறு நடைக்குழுவில் தற்செயலாகப் பழக்கமாகி, 2012 செப்டம்பரில் தொடங்கி மாதம் ஒரு பகுதியாக, மழையோ வெயிலோ ஒரு மாதமும் தவறாமல், 2014 ஆகஸ்டு வரையில் இருபத்துநான்கு மாதங்கள் ஒன்றாக நடந்து, லண்டன் மாநகரை ஒரு சுற்றுச் சுற்றி முடித்தோம். 2017இல் பிரிந்தவர்கள் இப்போதுதான் நால்வராகக் கூடினோம்.

நாங்கள் சுற்றிய பாதைக்கு லண்டன் லூப் என்று பெயர். நெடுந்தூர நடைபாதை என்றவுடன் இமயச் சாரலையோ அமெரிக்கக் காடுகளையோ மனத்தில் எண்ணுகிற வாசகர்களுக்கு, தொண்ணூறு லட்சம் ஜனங்கள் வசிக்கும் ஒரு மாநகரின் ஓரத்தில் ஏறக்குறைய 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர், நீளமுள்ள ஒரு பாதை, வயல்களையும் வனங்களையும் சதுப்பு நிலங்களையும் கோர்த்துக்கொண்டு போகிறது என்பது வியப்பாகவே இருக்கும். தேம்ஸ் நதியின் தென்கரையில் எரித் என்ற பழைய துறையிலே தொடங்கி, பெக்ஸ்லி, கூல்ஸ்டன், கிங்ஸ்டன் வழியாக மேற்கே சென்று, அக்ஸ்பிரிட்ஜில் வடக்கே திரும்பி, என்ஃபீல்டையும் சிங்ஃபோர்டையும் தொட்டுக் கிழக்கே இறங்கி, வடகரையில் பர்ஃப்ளீட் என்னும் இடத்தில் அது முடிகிறது. 24 பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட இப்பாதை 2001இல் முழுமை பெற்றது. இதற்கு உள்வட்டமாக, 78 மைலில், கேப்பிட்டல் ரிங் என்ற இன்னொரு சுற்றுப்பாதை 2005இல் பூர்த்தியாயிற்று. லூப்பின் அடையாளம் சிறகை விரித்து அந்தரத்தில் நிற்கும் ஒரு வல்லூறு. மரக்கம்பங்களில் பதித்த சிறு தகட்டில் அந்தப் பறவையைக் கண்டால் சரியான வழியில் போகிறோம் என்று அறிந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு பகுதியும் அநேகமாக ஒரு ரயில் நிலையத்தருகே தொடங்கி இன்னொரு நிலையத்தருகே முடியும்படி வகுத்திருப்பதுதான் இதன் மேலான விசேஷம். வேலைக்குப் போகிறவன் மாதக்கணக்கில் விடுப்பு எடுக்கவேண்டியதில்லை, கூடாரம் சுமக்கவேண்டியதில்லை, காலையில் ரயிலேறிப் போய், ஆறு மைலோ ஒன்பது மைலோ நடந்து, மாலையில் ரயிலேறி வீடு திரும்பி, விட்ட இடத்திலிருந்து அடுத்த மாதம் தொடரலாம். இப்படியொரு பசுமை வளையம் நகரைச் சுற்றி எஞ்சியிருப்பதும் தானாக நேர்ந்ததல்ல. 1938இல் இயற்றப்பட்ட சட்டமும், 1944இல் பேட்ரிக் அபர்க்ராம்பி வகுத்த பெருந்திட்டமும் நகரம் இதற்குமேல் பரவலாகாது என்று ஒரு வரம்பு கட்டின. அந்த வரம்பின் மேல்தான் நாங்கள் நடந்தோம்.

ஆனால் அந்த வளையம் முற்றும் மூடுவதில்லை. தொடங்கிய எரித்துக்கும் முடிகிற பர்ஃப்ளீட்டுக்கும் நடுவே தேம்ஸ் நதி கடலை நோக்கி அகன்று ஓடுகிறது. நடப்பவர்களுக்கு அங்கே பாலமுமில்லை, ஓடமுமில்லை. 2014 ஆகஸ்டில், கடைசிப் பகுதியின்போது, ரெயினம் சதுப்பு நிலத்து ஆற்றங்கரையில் நாங்கள் நடந்துகொண்டிருக்கையில், இரண்டு வருஷங்களுக்கு முன் ஒருவரையொருவர் சரியாக அறியாமல் புறப்பட்ட துறை எதிர்க்கரையிலே தெரிந்தது. நால்வரும் பேச்சை நிறுத்திவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தமிழிலே வழித்துணை என்று ஒரு சொல் இருக்கிறது. அது நண்பன் என்ற சொல்லுக்குள் அடங்குவதல்ல. நண்பனுக்கு நம் வீடு தெரியும், குலம் தெரியும், கடன் தெரியும். வழித்துணைக்குத் தெரிந்ததெல்லாம் நம் நடை. மேட்டில் எவ்விடத்தில் நமக்கு மூச்சு வாங்கும், எத்தனை மைலுக்குப் பிறகு நாம் மௌனமாகிவிடுவோம், பாதை இரண்டாகப் பிரிந்தால் எந்தப் பக்கம் தவறாகத் திரும்புவோம் என்பன போன்ற, வீட்டார்கூடக் கவனிக்காத சங்கதிகளை அவர் அறிந்திருப்பார். நான் சிறுவனாக இருந்தபோது, தைப்பூசத்துக்கு முன்பாக எங்கள் பக்கத்து நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்குப் புறப்படும் பாதயாத்திரையில் பாட்டனாரோடு ஒருமுறை நடந்திருக்கிறேன். சிங்கம்புணரியும் நத்தமும் திண்டுக்கல்லும் கடந்து போகும் அவ்வழியில், எதிரே வரும் முதியவர் ஒருவரைக் கண்டு பாட்டனார் ஓடிப்போய்த் தழுவிக்கொண்டதும், "அவர் யார் ஐயா?" என்று நான் கேட்டபோது, "பாதையிலே பழக்கம்" என்ற ஒரே பதிலைச் சொன்னதும் இன்றும் ஞாபகத்தில் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் அந்தப் பாதையிலே மட்டும், சந்தித்துக்கொள்ளும் உறவு அது. அவருடைய ஊரைப் பாட்டனார் விசாரித்ததாகவே தெரியவில்லை.

அண்ணையின் குடும்பத்திலும் இதையொத்த ஞாபகம் உண்டு. அவர் பிறந்த ஊரிலுள்ள செல்வச் சந்நிதி முருகன் கோயிலிலிருந்துதான், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கீழ்க்கரை நெடுகிலும் நடந்து, உகந்தையைக் கடந்து, குமனை, யால வனங்களை ஊடுருவிக் கதிர்காமம் சேரும் பாதயாத்திரை புறப்படுவது மரபு. ஆடிமாத உற்சவத்துக்குச் சேரவேண்டுமானால் ஒன்றரை மாதத்துக்கு மேல் நடக்கவேண்டும். அவருடைய அம்மம்மா மூன்றுமுறை போய்வந்தவராம். யுத்தம் மூண்டபிறகு வடக்கிலிருந்து நடப்பது பல வருஷங்கள் தடைப்பட்டுப்போயிற்று. தாமும் ஒருநாள் போகவேண்டுமென்று எண்ணியிருந்த அண்ணை, போகாமலே கடல் கடந்துவிட்டார். மொரீஷியஸிலோ தைப்பூசக் காவடி சர்க்கார் விடுமுறையோடு கொண்டாடப்படுகிறது. தமிழ் பேச அறியாத அக்காவுக்குக் காவடி என்ற சொல் மட்டும் தாய்ப்பாலோடு வந்தது. லண்டனுக்கு வெளியே ஓர் ஆங்கிலேய வயல்வரப்பிலே, மூன்று தேசத்துத் தமிழர் மூவர், ஒரே முருகனை நோக்கிய மூன்று பாதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்த அன்றைக்குத்தான் நாங்கள் வழித்துணை ஆனோம் என்று நான் நினைக்கிறேன். பூகோள ஆசிரியர் தம் குறிப்புப் புத்தகத்தில் அந்த மூன்று பாதைகளின் வரைபடங்களையும் வரைந்து வாங்கிக்கொண்டார்.

சுற்றி முடித்துப் பத்து வருஷம் கழிந்த நிலையில் முழு வளையத்தையும் மறுபடி நடக்க நால்வரின் முழங்கால்களும் இடங்கொடா என்பதால், இருபத்துநான்கில் எங்களுக்கு மிகப் பிரியமான மூன்றாம் பகுதியைத் தேர்ந்துகொண்டோம். பெட்ஸ் வுட்டிலிருந்து ஃபார்ன்பரோ, ஹை எல்ம்ஸ், கெஸ்டன் வழியாக வெஸ்ட் விக்கம் பொதுவெளி வரையில் அது செல்கிறது. சுமார் ஒன்பது மைல். புறப்படுமுன் பாதையைவிட்டுச் சற்றே விலகி வனத்துக்குள் இருக்கும் ஒரு சூரிய கடிகாரத்தைப் பார்த்துவர வேண்டுமென்று அண்ணையே விரும்பினார். காலையில் நடந்த சம்பவத்துக்குப்பின் அது நியாயமாகவும் இருந்தது.

அந்தக் கல் வில்லியம் வில்லட் என்பவரின் ஞாபகார்த்தமாக நாட்டப்பட்டது. வீடு கட்டும் தொழிலதிபரான அவர், ஒரு கோடைக்காலத்து அதிகாலையில் இந்தப் பக்கத்திலே குதிரைச் சவாரி செய்துகொண்டிருக்கையில், சூரியன் உதித்து வெகுநேரமாகியும் வீடுகளிலெல்லாம் திரை மூடியிருப்பதைக் கண்டு, இவ்வளவு வெளிச்சம் வீணாகிறதே என்று மனம் வருந்தி, கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்க வேண்டுமென்று 1907இல் ஒரு துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். பார்லிமெண்டு பலமுறை அதை நிராகரித்தது. 1915இல் அவர் காலமானார். மறுவருஷமே, யுத்தகாலத்தில் நிலக்கரியைச் சேமிக்கும்பொருட்டு, அவருடைய யோசனை சட்டமாயிற்று. வீடுகளாக மாறவிருந்த இந்த வனத்தைப் பொதுஜனங்கள் பணம் திரட்டி வாங்கி 1927இல் அவர் பெயருக்கே அர்ப்பணித்தார்கள். அவருடைய சூரிய கடிகாரம் கோடைகால நேரத்தை மட்டுமே காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அன்றைய தினம் சூரியன் மேகத்துக்குப் பின்னாலிருந்து அரைகுறையாக எட்டிப்பார்த்தபோது, கல்லின் மேல் விழுந்த மங்கலான நிழலும் அண்ணையின் மணிக்கட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தைச் சொல்லின. மற்ற மூவரும் புது நேரத்தில் இருந்தோம்.

வனத்திலிருந்து மீண்டு பாதைக்கு வந்ததும், நால்வரும் பழைய வரிசையிலேயே நடக்கத் தொடங்கியிருப்பதை நான் கவனித்தேன். யாரும் சொல்லி ஏற்படுத்தியதல்ல: அக்கா முன்னே, அவருக்குப் பின்னால் ஆசிரியர், பிறகு நானும் அண்ணையும். அகலமான இடங்களில் இருவர் இருவராகச் சேர்ந்துகொள்வோம். குறுகிய இடங்களில் ஒற்றை வரிசையாகிவிடுவோம். ஒவ்வொரு வேலிக் கதவைத் தாண்டியபிறகும் ஜோடிகள் மாறும். எதிரெதிரே நாற்காலி போட்டு அமர்ந்தால், ஏழு வருஷத்துச் செய்திகளைச் சொல்லியாக வேண்டுமென்ற நிர்ப்பந்தம் ஒன்று நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நடையிலே அந்தச் சங்கடம் இல்லை. இருவர் பார்வையும் முன்னே உள்ள வழியிலிருப்பதால், மௌனம் மௌனமாகவே இருக்கலாம். சொல்லத் தகாதது என்று நினைத்திருந்த துக்கமும் மரத்தைப் பார்த்துச் சொல்வதுபோல் வெளியே வந்துவிடும். தம் மனைவி காலமான செய்தியைக் கடிதத்தில் இரண்டே வரியில் எழுதியிருந்த ஆசிரியர், அந்தக் கடைசி மாதங்களைப் பற்றி ஃபார்ன்பரோ வரும்வரையில் அரைமணி நேரம் என்னிடம் விவரித்தார். அத்தனை நேரத்திலும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வயல்வேலிகளைத் தாண்டுவதற்கு இங்கே இரண்டு பலகைகளைக் குறுக்கே வைத்துப் படிபோல் அமைத்திருப்பார்கள்; மனிதர் ஏறிக் கடக்கலாம், மாடு கடக்காது. அண்ணை அதைக் கடப்பு என்பார். இருபுறமும் வேலி அடர்ந்த ஒற்றையடிப் பாதை அவருக்கு ஒழுங்கை. யாழ்ப்பாணத்துக் கிராமத்தின் சொற்கள் ஆங்கிலேயக் கிராமத்தின்மேல் இவ்வளவு பொருத்தமாக வந்து உட்காருவதைக் கேட்டு நான் மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கடப்பு வேலியில் இருப்பது ஒரு சாதாரண விஷயமல்ல. நிலம் ஒருவருக்குச் சொந்தம். அதன் குறுக்கே நடக்கும் பாத்தியதை எல்லோருக்கும் சொந்தம். உழுதாலும் விதைத்தாலும் அந்த ஒற்றையடித் தடத்தை நிலக்காரர் மூடலாகாது. 1949ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஸ்தல ஸ்தாபனங்கள் அப்பாதைகளை விசாரித்து வரைபடத்தில் பதிவுசெய்யலாயின.

இந்த உரிமை யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல. 1932 ஏப்ரல் 24ஆம் தேதி, மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளிகள் பல நூறு பேர், இருபது வயது இளைஞரான பென்னி ரோத்மன் என்பவரின் தலைமையில், வேட்டைக்காகப் பிரபுக்கள் அடைத்துவைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் என்னும் மலைமேட்டில் பகிரங்கமாக ஏறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 1935இல் நடப்பவர்களுக்கென்று ராம்ப்ளர்ஸ் சங்கம் தேசிய அளவில் அமைந்தது. அதே வருஷத்தில் டாம் ஸ்டீவன்சன் என்ற பத்திரிகையாளர், இங்கிலாந்தின் முதுகெலும்பான மலைத்தொடர் நெடுகிலும் ஒரு நீண்ட பசும்பாதை வேண்டுமென்று எழுதினார். அவர் கேட்ட பென்னைன் வழி, 268 மைல் நீளத்தில், 1965 ஏப்ரல் 24ஆம் தேதி திறக்கப்பட்டது. கிண்டர் ஸ்கவுட்டில் ஏறிய நாளிலிருந்து சரியாக முப்பத்துமூன்று வருஷம். எங்கள் ஆசிரியர் அந்த இரண்டு தேதிகளையும் தம் தாய்தந்தையரின் ஜன்மதினம்போல் சொல்லுவார்.

லண்டனில் இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்நேகத்துக்கு இன்னும் பழைய வம்சாவளி உண்டு. வர்ஜினியா வுல்ஃபின் தகப்பனாரும், ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களில் ஏறிப் பெயர்பெற்றவரும், தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் ஆசிரியருமான லெஸ்லி ஸ்டீவன், 1879இல் ஞாயிறு நாடோடிகள் என்ற பொருள்பட ஒரு நடைக்கூட்டத்தை ஆரம்பித்தார். வக்கீல்கள், பேராசிரியர்கள், எழுத்தாளர்கள் பதின்மர், பன்னிருவர் லண்டனிலிருந்து ரயிலேறிப் போய் சுமார் இருபது மைல் நடந்து திரும்புவார்கள். பாக்ஸ் ஹில் அடிவாரத்தில் குடியிருந்த நாவலாசிரியர் ஜார்ஜ் மெரிடித், அவர்கள் அந்தப் பக்கம் வரும்போது உடன் நடந்து, தம் வீட்டில் விருந்தும் வைப்பார். தோட்டக் காவலர் மறித்தால் ஒப்பிப்பதற்கென்று அவர்களிடம் ஒரு சட்ட வாசகம் இருந்தது: இந்த நிலத்தின்மேல் நாங்கள் எந்த வழியுரிமையும் கோரவில்லை, இதோ நஷ்டஈடாக ஒரு ஷில்லிங், என்பது அதன் சாரம். கற்றறிந்த கனவான்களுக்கு ஒரு ஷில்லிங்கும் ஒரு வாசகமும் போதுமாயிருந்தன. ஆலைத் தொழிலாளி சிறைக்குப் போகவேண்டியிருந்தது. தபால் இலாகாச் சிப்பந்தியும் ஆஸ்பத்திரித் தாதியும், ஷில்லிங்கும் சிறையும் இல்லாமல், நிமிர்ந்த தலையோடு இன்று அதே வயல்களைக் கடக்கிறார்கள். அந்தத் தொழிலாளிகளுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது என்பது என் அபிப்பிராயம்.

ஃபார்ன்பரோ மாதாகோயிலைத் தாண்டினால் ஹை எல்ம்ஸ். இப்போது பொதுப் பூங்காவான அந்த எஸ்டேட் ஒருகாலத்தில் சர் ஜான் லப்பக்குக்குச் சொந்தமாயிருந்தது. மாளிகை 1967இல் தீயில் அழிந்துபோயிற்று. வங்கி நடத்திய அவர் எறும்புகளையும் தேனீக்களையும் ஆராய்ந்தவர். 1871இல் வங்கி விடுமுறைச் சட்டத்தைப் பார்லிமெண்டில் கொண்டுவந்து உழைப்பாளிகளுக்குப் புதிய ஓய்வு தினங்களை வாங்கிக்கொடுத்தவரும் அவரே. ஜனங்கள் நன்றியோடு அந்நாட்களுக்குப் புனித லப்பக் தினம் என்றே பெயர் சூட்டினார்களாம். அவருக்கு எட்டு வயதாக இருக்கையில், ஒரு பெரிய நற்செய்தி இருக்கிறது என்று தகப்பனார் சொல்ல, குட்டிக் குதிரை வருகிறதாக்கும் என்று பிள்ளை எதிர்பார்த்து ஏமாந்தானாம். வந்தவர் சார்லஸ் டார்வின். 1842 முதல் தம் ஆயுள் முடிய நாற்பது வருஷம் டார்வின் வசித்த டவுன் கிராமம் இங்கிருந்து கூப்பிடு தூரந்தான். தம் வீட்டுத் தோட்டத்துக்கு அப்பால் மணல் விரித்த ஒரு சுற்றுப்பாதை போட்டு, நாள்தோறும் அதில் நடந்துகொண்டே சிந்தித்த மனிதர் அவர். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லைக் காலால் தள்ளிக் கணக்கு வைத்துக்கொள்வாராம். அக்கா வழியில் கிடந்த கல்லொன்றைப் பாதத்தால் ஓரமாகத் தள்ளினார். "நான் கணக்கை மறந்துவிட்டேன், முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பகலுணவுக்கு நாங்கள் அமர்ந்த இடம் கெஸ்டன் பள்ளத்தாக்கின் விளிம்பிலே ஹோல்வுட் எஸ்டேட்டை ஒட்டியிருக்கும் ஒரு மரத்தடி. 1787ஆம் வருஷம் மே மாதம், அந்தச் சரிவின் தலைப்பில் நின்ற கருவாலி மரத்தின் வேரில் இரண்டு சிநேகிதர்கள் உட்கார்ந்து சம்பாஷித்தார்கள். ஒருவர் பிரிட்டனின் பிரதம மந்திரி வில்லியம் பிட். மற்றவர் வில்லியம் வில்பர்போர்ஸ். இருவருக்கும் இருபத்தேழு வயது. கேம்பிரிட்ஜில் படித்தநாள் முதல் பழக்கம். மந்திரியின் கிராமத்து மாளிகைத் தோட்டத்தில் திறந்தவெளியில் நடந்த அந்தப் பேச்சின் முடிவிலேதான், அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் பிரேரணையைத் தாமே பார்லிமெண்டில் கொண்டுவருவது என்று வில்பர்போர்ஸ் சங்கல்பம் செய்துகொண்டார். இருபது வருஷம் தோற்றுத் தோற்று, 1807இல் அது நிறைவேறிற்று. பிட் முந்திய வருஷமே மாண்டுபோயிருந்தார். அடிமைத்தனத்தையே ஒழிக்கும் மசோதா 1833 ஜூலையில் காமன்ஸ் சபையில் தேறிய செய்தி எட்டிய மூன்றாம் நாள் வில்பர்போர்ஸும் கண்ணை மூடினார். பழைய மரம் பட்டுப்போய்விட்டது. அவ்விடத்தில் 1862இல் இட்ட கல் ஆசனம் இருக்கிறது.

2012இல் முதன்முதலாக நாங்கள் இங்கே வந்தபோது ஆசிரியர் இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அக்கா நெடுநேரம் பதில் பேசாமலிருந்து, பிறகு சொன்னார்: அடிமைகளை விடுவித்த சட்டம் வந்த அடுத்த வருஷமே, மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள், அப்படி வந்த சுமார் நாலரை லட்சம் பேரில் சென்னை ராஜதானியிலிருந்து வந்த தமிழர்களும் இருந்தார்கள், போர்ட் லூயி துறைமுகத்தில், இன்று ஆப்ரவாசி காட் என்று உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்படும் கல் படிகளில் ஏறியவர்களில் தம் பாட்டனாரின் பாட்டனாரும் ஒருவர். ஆகவே அவர் இம்மரத்தடியை வணங்குவதா, வருந்துவதா என்று அறியாமல் நின்றார். ஒரு மகத்தான தர்மத்தின் பின்வாசல் வழியாகத் தம் குலம் கடல் கடந்தது என்ற அந்த எண்ணம், இத்தனை வருஷங்களில் எங்கள் நால்வரையும் விட்டு நீங்கவில்லை.

இம்முறை அக்கா ஒரு சிறு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். ஓய்வுபெற்றுத் தீவுக்குப் போனபின் ஆவணக் காப்பகத்தில் தேடி, அந்தப் பாட்டனாருடைய பதிவின் நகலை எடுத்து வந்திருக்கிறார். பெயர், வயது, உயரம், தகப்பன் பெயர், கிராமம். கிராமத்தின் பெயரை ஆங்கிலேய எழுத்தர் தம் காதில் விழுந்தபடி சிதைத்து எழுதியிருந்தார். அண்ணையும் நானும் அந்த எழுத்துகளை இப்படியும் அப்படியும் உரக்க வாசித்துப் பார்த்தோம். ஆசிரியர் தம் தொலைபேசியில் தஞ்சாவூர், தென்னாற்காடு வரைபடங்களை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லி வந்தார். ரொட்டியும், அண்ணை சுட்டுக் கொண்டுவந்திருந்த தட்டை வடையும், பிளாஸ்கிலிருந்த தேநீரும் தீரும் வரையில் அந்த ஆராய்ச்சி நடந்தது. நாலைந்து ஊர்கள் பொருந்துவதுபோல் தோன்றின; ஒன்றையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஊருக்குப் போகும்போது அந்த நாலைந்தையும் நேரில் விசாரிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

அப்பால் பாதை பள்ளத்தில் இறங்கி கெஸ்டன் குளங்களை அடைகிறது. குளத்துக்கு மேலே வட்டமாகக் கல் அடுக்கிய ஓர் ஊற்று. சீசர் கிணறு என்று பெயர், சீசருக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும். லண்டனுக்குள் ஓடி டெட்ஃபோர்டில் தேம்ஸோடு கலக்கும் ரேவன்ஸ்போர்ன் ஆற்றுக்கு இதுதான் பிறப்பிடம். பாசிபடர்ந்த அந்தத் தண்ணீரில் ஒவ்வொருவரும் விரலை நனைத்துக்கொண்டோம்; பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான் செய்தோம் என்று ஆசிரியர் தம் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து ஊர்ஜிதம் செய்தார். வெஸ்ட் விக்கம் பொதுவெளியின் மரங்களுக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி நாலரை. கடிகாரம் மாறிய முதல்நாளாகையால் இருட்டு ஒரு மணி நேரம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. உதிர்ந்த இலைகள் பாதையை முழுவதும் மூடியிருக்க, அண்ணை என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஹேய்ஸ் ரயில் நிலையத்துக்கு இன்னும் ஒரு மைல் இருந்தது.

அவ்வேளையில் டொரோண்டோவிலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக லண்டனுக்கும் டொரோண்டோவுக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். அங்கே கடிகாரத்தை நவம்பர் முதல் ஞாயிறன்றுதான் மாற்றுகிறார்கள். அண்ணை நடையை நிறுத்தாமலே விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப இந்தக் கிழமை முழுக்க உங்களுக்கும் எங்களுக்கும் நாலு மணித்தியாலந்தான், பிள்ளை" என்று மகளிடம் சொல்லிவிட்டு, பேச்சு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "அடுத்த பகுதி எத்தினை மைல், தம்பி?" என்று கேட்டார். முன்னே போய்க்கொண்டிருந்த ஆசிரியர், காதில் விழுந்திருக்கவேண்டும், கைவிளக்கை ஏற்றி வரைபடத்தை விரித்தார்.